பீவருக்குப் பொறி வைக்கப் பழகுவது எப்படி? ஒன்டாரியோவில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கான கேள்வி பதில்

வடக்கு ஒன்டாரியோவில், நார்த் பேக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். ஒவ்வொரு இலையுதிர்காலமும் ஸ்கார்பரோவிலிருந்தும் பிராம்ப்டனிலிருந்தும் யாராவது தொலைபேசியில் கேட்டுவிடுகிறார்கள்: “நீங்கள் பீவர் பிடிப்பீர்களாமே, நாங்களும் பழகலாமா?” பழகலாம். ஆனால் கடைக்குப் போய்ப் பொறி வாங்குவதுதான் முதல் வேலை என்று நினைக்காதீர்கள். அது நான்காவது, ஐந்தாவது வேலை. பலமுறை வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் ஒன்டாரியோவுக்கு மட்டுமே பொருந்தும். மற்ற மாகாணங்களிலும் அமெரிக்க மாநிலங்களிலும் விதிகள் வேறு.

பீவர் என்றால் நம்மூர் நீர்நாய்தானே?

இல்லை. காவிரியில் கூட்டமாக மீன் பிடிக்கும் நீர்நாயை இங்கே ஓட்டர் என்பார்கள். பீவர் கொறிக்கும் விலங்கு; எலிக்கும் அணிலுக்கும் உறவு. மீனைத் தொடவே தொடாது. மரப்பட்டை, இளங்கிளை, நீர்த்தாவரங்கள், இவைதான் அதன் சாப்பாடு. வளர்ந்த பீவர் 16 முதல் 30 கிலோ வரை இருக்கும். வால் தட்டையாக, செதில் செதிலாக, தோசைத் திருப்பி போல இருக்கும். முன்பற்கள் ஆரஞ்சு நிறம். பல்லின் பூச்சில் இரும்புச்சத்து இருப்பதால் அப்படி. நம் பக்கம் இந்த விலங்கு கிடையாது, அதனால் தமிழில் பழைய பெயரும் இல்லை. பீவர் என்றே சொல்லிவிடலாம்.

பெயர்க் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவைப்பதற்குக் காரணம் உண்டு. பீவர் இருக்கும் அதே தண்ணீரில் ஓட்டரும் இருக்கும், இரண்டுக்கும் விதிகள் தனித்தனி. எது எது என்று தெரியாதவர் பொறி வைக்கக் கூடாது.

பீவர் தவிர வேறு எவற்றைப் பிடிக்கிறார்கள்?

மஸ்க்ராட் என்ற நீரெலி, ரக்கூன், கீரி போல இருக்கும் மிங்க், மார்ட்டன், ஃபிஷர், பிறகு ஓட்டர், செந்நரி, சிறு ஓநாய் போன்ற கொயோட்டி, லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனை, எர்மின் என்கிற வெண்மரநாய். எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் பிடிக்க முடியாது. உதாரணமாக, அல்கான்குயின் பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓநாய்க்கும் கொயோட்டிக்கும் பொறி வைக்கத் தடை இருக்கிறது. அங்கே வாழும் கிழக்கு ஓநாயையும் கொயோட்டியையும் தூரத்திலிருந்து பிரித்துச் சொல்வது கடினம் என்பதால் இரண்டையுமே விட்டுவிட வேண்டும்.

உரிமம் வாங்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் வகுப்பு. உரோம விலங்குகளைப் பிடிப்பது, அவற்றின் எண்ணிக்கையைப் பேணுவது, பாதுகாப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 40 மணி நேரப் பாடம். ஒன்டாரியோ ஃபர் மேனேஜர்ஸ் ஃபெடரேஷன் என்ற, ட்ராப்பர்கள் அதாவது பொறி வைத்துப் பிடிப்பவர்களின் கூட்டமைப்பு இதை நடத்துகிறது. எழுத்துத் தேர்வும் உண்டு, பொறியைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லும் தேர்வும் உண்டு. தேறிய பிறகுதான் மாகாணத்தின் இயற்கை வள அமைச்சகத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியும்.

வகுப்பை வெறும் சடங்காக நினைத்து உட்காராதீர்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் முப்பது, நாற்பது வருடம் இதையே செய்தவர்கள். இடைவேளையில் காப்பிக் கோப்பையோடு அவர்கள் பேசுவது பாடப்புத்தகத்தில் இருக்காது. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த பெரியவரை அப்படி ஒரு வகுப்பில்தான் சந்தித்தேன்.

துப்பாக்கி வைத்துக்கொள்ள நினைத்தால் அதற்குத் தனி வகுப்பு, தனி உரிமம். சீசன் தேதிகளும் எண்ணிக்கை வரம்புகளும் பகுதிக்குப் பகுதி மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். அமைச்சகம் வெளியிடும் விதிச் சுருக்கத்தை ஒவ்வொரு வருடமும் புதிதாகப் படியுங்கள். போன வருட நினைவை நம்பாதீர்கள்.

எங்கே வைக்கலாம்? காடு எல்லாம் அரசாங்கத்துடையதுதானே?

அரசு நிலம் என்றால் யார் வேண்டுமானாலும் போகலாம் என்பது மீன்பிடிக்கு ஓரளவு சரி, பொறிக்குச் சரியில்லை. 1940-களிலிருந்து ஒன்டாரியோவின் அரசு நிலம் பதிவு செய்யப்பட்ட ட்ராப்லைன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு ட்ராப்லைன் என்பது ஒரு பெரிய வட்டாரம். அதற்கு ஒரு தலைமை ட்ராப்பர் இருப்பார். அந்த வட்டாரத்தில் எத்தனை பீவர் எடுக்கலாம் என்ற கணக்கும் அவர் பெயரில் இருக்கும். அவர் இடத்தில் நீங்கள் போய் வைத்தால் அது சட்டமீறல்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. 1670-இல் அரச சாசனம் பெற்ற ஹட்சன் பே கம்பெனி காலத்திலிருந்து ஐரோப்பியத் தொப்பிகளுக்காகப் பீவரைக் கணக்கில்லாமல் பிடித்தார்கள். பீவரின் உள்மயிரில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் ஃபெல்ட் என்ற கெட்டியான தொப்பித் துணி கிடைக்கும். அந்தக் கொக்கிதான் அதற்கு எமனாக வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல ஆறுகளில் பீவரே இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத காட்டில் இன்று நான் விட்டுவைத்தால் நாளை இன்னொருவன் எடுத்துக்கொள்வான் என்ற பயமே அழிவுக்குக் காரணம். ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் பொறுப்பு என்று ஆனதும், அடுத்த வருடத்துக்கு விட்டுவைப்பது அவருக்கே லாபமாயிற்று. பீவர் திரும்பி வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தப் பிரிவினை எல்லாருக்கும் நியாயமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். க்ரீ, அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பீவர் பிடித்த நிலத்தின் மேல் கோடு போட்டார்கள். அவர்களுடைய உரிமை ஒப்பந்தங்களில் எழுதப்பட்டது. அனிஷினாபே மொழியில் பீவருக்கு அமிக் என்று பெயர். நாம் நேற்று வந்தவர்கள். அவர்கள் நிலத்துக்கு அருகில் போகும்போது கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை.

புதியவருக்கு நடைமுறையில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதியோடு வைப்பது. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, ட்ராப்லைன் வைத்திருக்கும் ஒருவருக்கு உதவியாளாகப் போவது. இரண்டாவதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்கிறேன். ஒரு முழு சீசன் இன்னொருவர் பின்னால் ஸ்லெட்டை இழுத்துக்கொண்டு நடங்கள். அந்த ஒரு வருடம் ஐந்து வருடத் தவறுகளை மிச்சப்படுத்தும்.

முதலில் பீவரையே பிடிக்கலாமா?

ஆசை இருக்கும், ஆனால் மஸ்க்ராட்டில் தொடங்குங்கள். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான விலங்கு. சதுப்பிலும் ஓடைக் கரையிலும் நிறைய இருக்கும். பொறி சின்னது, கைக்கு அடங்கும். தோலுரிப்பது சுலபம். தவறு செய்தால் நஷ்டமும் சின்னது. மஸ்க்ராட் நீரில் எப்படித் தடம் போடுகிறது என்று பார்க்கப் பழகினால், பீவரின் தடத்தைப் படிக்கும் கண் தானாக வந்துவிடும். அடுத்த வருடம் பனி உறைவதற்கு முன், திறந்த நீரில் பீவர். உறைபனிக்கு அடியில் வைப்பது கடைசிப் பாடம்.

என்ன பொறி வாங்க வேண்டும்?

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். எங்கள் வயல்களில் எலி பிடிக்க மூங்கிலில் கிட்டி வைப்பார்கள். வளைத்துக் கட்டிய மூங்கில் வில் போலக் காத்துக்கொண்டிருக்கும். எலி தட்டியதும் சட்டென்று இறுக்கும், எலி அங்கேயே முடிந்துவிடும். இங்கே இன்று அதிகம் பயன்படும் கோனிபேர் பொறியும் அதே எண்ணத்தில் பிறந்ததுதான், மூங்கிலுக்குப் பதில் இரும்புச் சட்டமும் சுருள்வில்லும்.

ஃபிராங்க் கோனிபேர் கனடாவின் வடமேற்குப் பகுதியில் பல வருடம் ட்ராப்பராக இருந்தவர். கால்பொறியில் மாட்டிய விலங்கு மணிக்கணக்கில் துடிப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், விரைவாகக் கொல்லும் பொறியை உருவாக்க முனைந்தார். 1950-களின் பிற்பகுதியில் அது சந்தைக்கு வந்தது. இரண்டு சதுரச் சட்டங்கள் கத்தரிக்கோல் போலச் சுழன்று விலங்கின் கழுத்தையும் மார்பையும் அடிக்கும்.

அளவுகளை எண்ணால் சொல்வார்கள். 110 மஸ்க்ராட்டுக்கும் மிங்குக்கும். 220 ரக்கூன், ஃபிஷர் அளவுக்கு. 330 பத்து அங்குலச் சதுரம். அதுதான் பீவர் பொறி. தொடங்குபவருக்கு அரை டஜன் 110, பிறகு மூன்று நான்கு 330 போதும். அதற்கு மேல் வாங்கினால் ஒழுங்காகப் பார்த்துவர நேரம் இருக்காது. எந்த விலங்குக்கு எந்தப் பொறி சான்று பெற்றது என்ற பட்டியல் இருக்கிறது. வாங்குவதற்கு முன் மாடலின் பெயர் அதில் உண்டா என்று பாருங்கள். பழைய சாமான் கடையில் சங்கிலியோடு தொங்கும் பல் வைத்த கால்பொறி அழகாக இருக்கலாம். சுவரில் மாட்டத்தான் அது உதவும், வைத்தால் குற்றம்.

330 பொறி ஆபத்தானது என்கிறார்களே?

உண்மை. 25 கிலோ விலங்கைக் கொல்லும் விசை உங்கள் மணிக்கட்டையும் முறிக்கும்.

எனக்கே ஒருமுறை நடந்தது. இரண்டாவது வருடம், குளிரில் விரல் மரத்துப் போயிருந்தது. ஒரு பக்கச் சுருள்வில்லுக்குப் பாதுகாப்புக் கொக்கி போட்டேன்; மறுபக்கம் போட்டதாக நினைத்தேன். கையை உள்ளே விட்டு விசைக் கம்பியைச் சரி செய்யும்போது அடித்தது. கனமான கையுறை போட்டிருந்ததால் எலும்பு தப்பியது. ஆனால் கை உள்ளே சிக்கிக்கொண்டது, நான் தனியாக இருந்தேன், ஒற்றைக் கையால் 330-ஐத் திறக்க முடியாது. கோட்டுப் பையில் கயிறு இருந்ததால் இன்று இரண்டு கையாலும் எழுதுகிறேன். பெரியவர் சொல்லிக்கொடுத்தபடி கயிற்றைச் சுருள்வில்லின் வளையங்களில் கோத்து, ஒரு முனையைக் காலில் மிதித்து, மறுமுனையை மற்றக் கையால் இழுத்து வில்லை அமுக்கினேன்.

அதனால் மூன்று விஷயம். பொறி அமுக்கும் நீண்ட கைப்பிடி இடுக்கி இல்லாமல் 330-ஐத் தொடாதீர்கள். இரண்டு வில்லுக்கும் கொக்கி, அதற்கு மேல் சட்டத்தின் நடுவே ஒரு பாதுகாப்புக் கவ்வி. எல்லாம் முடிந்து கை வெளியே வந்த பிறகுதான் அவற்றை எடுக்க வேண்டும். கயிற்றால் விடுவித்துக்கொள்வதை வீட்டில் இடது கையாலும் வலது கையாலும் பத்துமுறையாவது பழகுங்கள். அப்புறம் காட்டுக்குப் போகலாம்.

பீவர் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். பொறி இல்லாமலேயே இதற்காக மட்டும் போகலாம்.

அக்டோபர் மாதம் போங்கள். அணை இருக்கும், குச்சியும் சேறும் குவித்த வீடு இருக்கும். ஆனால் இவை இருப்பதாலேயே பீவர் இருக்கிறது என்று ஆகிவிடாது. கைவிடப்பட்ட வீடுகள் நிறைய. உயிருள்ள வீட்டுக்கு முன்னால், நீரில், பச்சைக் கிளைகள் ஒரு குவியலாக மிதக்கும். அது குளிர்காலக் களஞ்சியம். மேலே பனி உறைந்த பிறகு குடும்பம் அதிலிருந்துதான் சாப்பிடும். வீட்டின் மேல் புதுச் சேறு பூசியிருக்கிறதா என்று பாருங்கள். கரையில் பட்டை உரித்த வெள்ளைக் குச்சிகள் கிடந்தால், வெட்டு இன்னும் ஈரமாக இருந்தால், நேற்று இரவு வந்திருக்கிறது. ஜனவரியில் கடுங்குளிர் நாளில் வீட்டின் உச்சியில் மெல்லிய ஆவி எழும், சுற்றிலும் பனித்துகள் பூப்போலப் படிந்திருக்கும். உள்ளே மூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொரு அடையாளம் வாசனை மேடு. பீவர் சேற்றையும் இலையையும் கரையில் ஒரு கை அளவு குவித்து, அதன் மேல் காஸ்டோரியம் என்ற சுரப்பை விடும். இது எங்கள் இடம் என்று மற்ற பீவர்களுக்குச் சொல்லும் பலகை. வசந்தத்தில் இது அதிகம், ஏனென்றால் இரண்டு வயதான குட்டிகள் அப்போதுதான் வீட்டை விட்டு வேறு இடம் தேடிப் போகும்.

ஒரு வீட்டில் பொதுவாக ஒரு ஜோடி, போன வருடக் குட்டிகள், இந்த வருடக் குட்டிகள் என்று ஒரு குடும்பம் இருக்கும். நான் ஒரு வீட்டிலிருந்து ஒன்று, மிஞ்சினால் இரண்டு எடுப்பேன். பிறகு பொறியைத் தூக்கிக்கொண்டு அடுத்த குளத்துக்குப் போய்விடுவேன். வரம்பு இன்னும் அனுமதித்தாலும்தான்.

பொறியை எப்படி வைப்பது?

திறந்த நீரில் பீவர் போகும் பாதையைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. அணையைத் தாண்டும் வழுக்கல், இரண்டு குளங்களை இணைக்கும் வாய்க்கால், வீட்டு வாசலிலிருந்து வரும் ஆழமான தடம். அந்தத் தடத்தில் 330-ஐ நிறுத்தி, இரண்டு பக்கமும் காய்ந்த குச்சி நட்டுப் பாதையைக் குறுக்கி, பொறிக்கு மேல் நீர்மட்டத்தில் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டால் பீவர் கட்டைக்கு அடியில் முங்கி நேராகச் சட்டத்துக்குள் வரும். பொறி அசையக் கூடாது. அசைந்தால் பீவர் விலகிவிடும், அல்லது அடி சரியான இடத்தில் படாது. இரண்டாவது இன்னும் மோசம்.

உறைபனிக்கு அடியில் என்றால் கம்பம். உளியால் துளை வெட்டி, நீண்ட காய்ந்த கம்பத்தில் பொறியைக் கட்டி இறக்குவோம்; பொறிக்கு மேலே ஒரு கட்டு பச்சை ஆஸ்பென் கிளை. கம்பம் கட்டாயம் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பச்சைக் கம்பம் வைத்தால் பீவர் கம்பத்தையே கடித்துத் தின்றுவிட்டுப் போய்விடும். துளையை மூடும்போது மேலே பனியைத் தள்ளி இருட்டாக்குங்கள். வைத்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் மட்டும் நம்பாமல், கரையில் ஒரு கொடியும் கட்டுங்கள்.

உறைந்த குளத்தில் நடப்பது பாதுகாப்பானதா?

பீவர் குளம் மற்ற குளம் போல அல்ல. வீட்டு வாசலிலும் அணைக்குப் பக்கத்திலும் ஓயாமல் தண்ணீர் அசைகிறது, பீவர் விடும் மூச்சுக் குமிழ்களும் பனியை அரிக்கின்றன. குளத்தின் நடுவே நல்ல கனம் இருக்கும், வீட்டுக்கு இரண்டடி தூரத்தில் கால் உள்ளே போகும். நமக்கு வேலை இருப்பதோ அங்கேதான்.

ஒருவர் நடக்கப் பனி குறைந்தது 15 செ.மீ., ஸ்னோமொபைலுக்கு 25 செ.மீ. இருக்க வேண்டும் என்று கனடிய செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. தெளிந்த நீல நிறப் பனிக்குத்தான் இந்தக் கணக்கு. வெள்ளைப் பனிக்குப் பலம் பாதி. ஒவ்வொரு அடிக்கும் உளியால் முன்னால் தட்டிப் பாருங்கள். கழுத்தில் பனியில் குத்தி ஏறும் ஆணிப்பிடிகள், மாற்று உடை, தீப்பெட்டி. எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். முதல் சில வருடம் தனியாகப் போகவே போகாதீர்கள்.

விலங்கு துன்பப்படாதா? ஒரு பொழுதுபோக்குக்காகக் கொல்வது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஒருவரை நான் கூட்டிக்கொண்டு போக விரும்ப மாட்டேன்.

முதல் பாதிக்கு அளவுகோல் இருக்கிறது. 1991-இல் ஐரோப்பியச் சமூகம் கால்பொறியைத் தடை செய்து, அதைப் பயன்படுத்தும் நாடுகளின் உரோமத்தையும் தடுக்கச் சட்டம் போட்டது. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் மனிதாபிமானப் பொறி நெறிகள் பற்றிய 1997 பன்னாட்டு ஒப்பந்தம். கனடா அதில் கையெழுத்திட்டது. கொல்லும் பொறி எர்மினை 45 நொடிக்குள்ளும், மார்ட்டனை 120 நொடிக்குள்ளும், பீவர் உள்ளிட்ட மற்றவற்றை 300 நொடிக்குள்ளும் மீள முடியாத மயக்கத்தில் ஆழ்த்த வேண்டும். சோதனையில் குறைந்தது 80 விழுக்காடு விலங்குகளில் இது நடக்க வேண்டும். கனடாவில் ஃபர் இன்ஸ்டிடியூட் ஆஃப் கனடா அப்படிச் சோதித்த பொறிகளுக்குச் சான்று தருகிறது.

300 நொடி என்றால் ஐந்து நிமிடம். எனக்கு அது குறைவாகத் தெரியவில்லை. அது மேல்வரம்பு. சரியான பொறி, புதுச் சுருள்வில், அசையாத நிலை, சரியான பாதை, இவை கூடினால் அதைவிட வெகு விரைவில் முடியும். கூடுவது உங்கள் கையில்தான். பீவர் 15 நிமிடம் வரை மூச்சடக்க வல்லது. அதனால் காலைப் பிடித்து நீரில் மூழ்கடிக்கும் முறையைச் சட்டம் அனுமதித்தாலும் நான் செய்வதில்லை. விலங்கை உயிரோடு பிடித்துவைக்கும் பொறி என்றால் தினமும் ஒருமுறை போய்ப் பார்த்தே ஆக வேண்டும். புயல், காய்ச்சல், அலுவலகம் எதுவும் சாக்கு ஆகாது. அப்படிப் போக முடியாதவர் அந்தப் பொறியை வைக்கவே கூடாது.

இரண்டாவது பாதிக்கு என் பதிலை மட்டும்தான் சொல்ல முடியும். நான் இறைச்சி சாப்பிடுகிறவன். கடையில் பொட்டலமாக வாங்கும்போது அந்தக் கோழி எப்படி இருந்தது, எப்படிச் செத்தது என்று எனக்குத் தெரியாது. இந்தப் பீவர் தன் குளத்தில், தன் குடும்பத்தோடு, கடைசி இரவு வரை சுதந்திரமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். எடுத்ததில் இறைச்சி, தோல், சுரப்பி எதையும் வீணாக்குவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை பொறியைத் தூக்கும்போதும் நெஞ்சில் ஒரு கனம் இருக்கிறது. அது போய்விட்டால் நானும் நிறுத்திவிட வேண்டும் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வேறு விலங்கு மாட்டிக்கொண்டால்?

பீவர் பொறியில் அதிகம் மாட்டுவது ஓட்டர். பொறியின் விசைக் கம்பியை நடுவில் வைக்காமல் ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டால், ஒல்லியான ஓட்டர் இடைவெளியில் நழுவிப் போகும். அகலமான பீவர் தட்டும். ஓட்டர் சறுக்கிய தடம் தெரிந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். அனுமதியில்லாத விலங்கு மாட்டினால் மறைக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

நாய் இன்னும் பெரிய கவலை. 220-ஐத் தரையில் இரை வைத்த பெட்டியில் வைத்தால் பக்கத்து வீட்டு நாயின் தலை உள்ளே போகும். ஆட்கள் நாயோடு நடக்கும் பாதைக்குப் பக்கத்தில் நான் தரைப்பொறி வைப்பதே இல்லை. ரக்கூனுக்கு இப்போது குழாய் வடிவப் பொறி கிடைக்கிறது. கையை உள்ளே விட்டு இழுத்தால்தான் பிடிக்கும், நாயின் பாதத்தால் முடியாது. ஊருக்குள் அதுதான் நல்லது.

தோலை உரித்துப் பதப்படுத்துவது கடினமா?

மஸ்க்ராட் பத்து நிமிட வேலை. காலுறையைக் கழற்றுவது போல முழுதாக உரித்து, மயிர் உட்பக்கம் இருக்கச் சட்டத்தில் மாட்டி உலர்த்தலாம்.

பீவர் வேறு கதை. வயிற்றில் தாடையிலிருந்து வால் வரை ஒரே நேர்க்கோடாகக் கீறி விரித்து உரிக்க வேண்டும். கொழுப்பும் நாரும் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மற்ற விலங்குபோல இழுத்தால் வராது. சாய்வான மரக்கட்டையின் மேல் விரித்து இரண்டு கைப்பிடிக் கத்தியால் வழித்துத் தள்ள வேண்டும். என் முதல் பீவருக்கு ஒரு சாயங்காலம் முழுதும் போயிற்று, தோலில் ஏழு ஓட்டை. அப்புறம் ப்ளைவுட் பலகையில் முட்டை வடிவமாக இழுத்து, ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு ஆணி அடித்து, காற்றோட்டமான அறையில் சில நாள் விட வேண்டும். அடுப்புச் சூடு ஆகாது. நல்ல குளிர்காலத் தோலின் உட்பக்கம் வெளுப்பாக இருக்கும். நீலம் பாய்ந்திருந்தால் சீக்கிரம் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் கூட்டித்தான் அளவு சொல்வார்கள். கூட்டுத்தொகை 65-ஐத் தாண்டினால் அது பிளாங்கெட் என்ற பெரிய பீவர்.

இறைச்சி சாப்பிடலாமா?

தாராளமாக. கருஞ்சிவப்பு, மான் இறைச்சிக்கும் மாட்டிறைச்சிக்கும் நடுவில் ஒரு சுவை. வாலடியில் இருக்கும் காஸ்டர் சுரப்பிகளையும் எண்ணெய்ச் சுரப்பிகளையும் கிழியாமல் எடுப்பதுதான் முக்கியம். ஒன்று கிழிந்தாலும் சட்டி முழுக்க அந்த வாசனைதான். வெளிக்கொழுப்பை எல்லாம் நீக்கி, ஒரு இரவு உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஆட்டுக்கறிக்குப் போலவே மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம் போட்டு நன்றாக வேகவிடுவோம். எங்கள் வீட்டில் தொடைக்கறிக்குச் சண்டை.

நோய் எதுவும் தொற்றுமா?

பீவரிலும் மஸ்க்ராட்டிலும் டுலரீமியா என்ற பாக்டீரியா நோய் வரலாம். கையில் சிறு கீறல் இருந்தாலும் தொற்றும். ரப்பர் கையுறை இல்லாமல் உரிக்காதீர்கள். கறியை அரைவேக்காட்டில் சாப்பிடாதீர்கள். குளத்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடித்தால் ஜியார்டியா வரும். அதற்கு ஊர்ப் பெயரே பீவர் காய்ச்சல். ரக்கூன், நரி, ஸ்கங்க் இவற்றுக்கு வெறிநோய் இருக்கலாம். ரக்கூன் எச்சத்தில் மனித மூளையைத் தாக்கும் புழுவின் முட்டைகளும் இருக்கலாம். செத்துக் கிடந்த விலங்கை எடுக்காதீர்கள். சீசனில் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் என்ன வேலை செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பணம் வருமா?

பெட்ரோல் காசு வந்தால் சந்தோஷப்படுங்கள். டொராண்டோவில் இருந்த பெரிய உரோம ஏல நிறுவனம் 2019-இல் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்கும் நிலைக்கு வந்தது. எங்கள் நார்த் பேயில் ட்ராப்பர்கள் நடத்தும் ஃபர் ஹார்வெஸ்டர்ஸ் ஆக்‌ஷன் தொடர்ந்து ஏலம் நடத்துகிறது. பீவர் உரோமம் கௌபாய்த் தொப்பிக்குப் போகிறது. உலர்த்திய காஸ்டர் சுரப்பியை வாசனைத் திரவியத்துக்கு வாங்குகிறார்கள். மிங்க், நரி விலையெல்லாம் வெகுவாக விழுந்துவிட்டது. வருமானத்துக்காக வருவதென்றால் வராதீர்கள். நான் விற்பதைவிட, பதப்படுத்தக் கொடுத்துத் தொப்பியும் கையுறையும் தைத்து வாங்குவதுதான் அதிகம். மைனஸ் 30-இல் பீவர் கையுறைக்கு ஈடு கிடையாது.

ஊருக்குப் போகும்போது அங்கே பொறி வைக்கலாமா? தோலைப் பரிசாகக் கொண்டுபோகலாமா?

இரண்டுக்கும் வேண்டாம் என்பதே பதில். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பொறி, கண்ணி எல்லாமே வேட்டை என்ற சொல்லுக்குள் வரும். அங்கே நீர்நாய் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதைத் தொட்டால் சிறை. தோலைக் கொண்டுபோவதிலும் சிக்கல். ஓட்டர், லிங்க்ஸ், ஓநாய் எல்லாம் வனவிலங்கு வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் அனுமதிச் சீட்டு தேவைப்படுபவை. வீட்டுக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், அது போதும்.

எங்கள் நிலத்தில் பீவர் அணை கட்டிச் சாலை மூழ்குகிறது. வந்து பிடித்துத் தருவீர்களா?

முதலில் வேறு வழியைப் பார்ப்போம். மரத்தைக் காப்பாற்ற அடிமரத்தைச் சுற்றிக் கம்பிவலை போதும். அணையின் ஊடே குழாய் விட்டு, அதன் வாயைக் கம்பிக்கூண்டால் மூடினால் நீர்மட்டம் பீவருக்குத் தெரியாமலே இறங்கும். நீர் ஓடும் சத்தமும் ஓட்டமும்தான் அதை அணை கட்டத் தூண்டுகிறது. அவை இல்லாவிட்டால் சும்மா இருக்கும். நல்ல இடம் என்றால் ஒரு பீவரை எடுத்தாலும் அடுத்த வசந்தத்தில் இன்னொரு இரண்டு வயதுக் குட்டி வந்து குடியேறும். தவிர, அந்தக் குளத்தில் தவளை, வாத்து, மூஸ் என்ற பெரிய மான் எல்லாம் வாழ்கின்றன. இதெல்லாம் பலிக்காத இடத்தில் சீசனில் வருகிறேன். கோடையில் பிடித்தால் தோல் வீண், குட்டிகள் அநாதை.

சீசன் முடிந்ததும் என்ன வேலை?

எண்ணுங்கள். எத்தனை வைத்தீர்களோ அத்தனையும் வெளியே வர வேண்டும். நான் ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு வரி எழுதுவேன்: எந்தக் குளம், எந்தத் தேதி வைத்தது, எந்தத் தேதி எடுத்தது. எடுத்த தேதி இல்லாத வரி இருந்தால் அன்றே திரும்பிப் போவேன். மறந்துபோன பொறிக்கு நாட்காட்டி தெரியாது. அது ஜூன் மாதத்திலும் கொல்லும்.

பிறகு துருவைத் தேய்த்து, ஆல்டர் அல்லது மேப்பிள் பட்டை போட்ட தண்ணீரில் கொதிக்க வைத்தால் இரும்பு கறுத்துப்போகும், துரு ஏறாது. கால்பொறிக்கு மெழுகு பூசுவார்கள். 330-க்குப் பூசக் கூடாது, வழுக்கிக் கையில் அடித்துவிடும். தளர்ந்த சுருள்வில்லை மாற்றுங்கள். ஆணியில் வரிசையாக மாட்டுங்கள், கொக்கிகள் எல்லாம் போட்ட நிலையில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில்.